காணாமற்போகும் சோகை

கள்ளக்குறிச்சிப் பக்கம் வெட்டிய கரும்பு மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குப் போய்விடும். அதன் காய்ந்த இலையான சோகை வயலிலேயே கிடக்கும். கட்டைக்கரும்புக்கு இடைஞ்சல் என்று பலர் அதைக் கொளுத்திவிடுகிறார்கள். பெயருக்கேற்றபடி சாம்பல்சத்து சாம்பலில் மிஞ்சும். கரிமமும் தழைச்சத்தில் பெரும்பகுதியும் புகையாகிவிடும். கொளுத்தாமல் மூடாக்காகப் பரப்பியவர்களுக்கோ வேறொரு குறை: போட்ட சோகை சில மாதங்களில் காணாமற்போகிறதே என்று. மூடாக்கு பலித்ததற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. மண்ணுக்குப் போர்வை என்றே மூடாக்கைப் பேசிப் பழகிவிட்டோம். போர்வைதான், ஆனால் அதற்கும் மேலாக அது தீனி.

சோகைக்கு அடியில் வெயில் தணிகிறது, ஈரம் தங்குகிறது. அங்கே பூஞ்சைகள் படர்ந்து, கடினமான நாரைக் கரைக்கத் தொடங்குகின்றன. வெள்ளை நூல்போன்ற அவற்றின் இழைகளும் பாக்டீரியாக்கள் சுரக்கும் பிசினும் மண்துகள்களைச் சிறு உருண்டைகளாகக் கட்டுகின்றன. மண் பொலபொலவென்று இருக்கிறது என்கிறோமே, அது இந்தக் கட்டுமானந்தான். மழைநீர் இறங்குவதும் வேர் மூச்சுவிடுவதும் அதன் இடுக்குகளில். பாதி மக்கிய பிறகு சோகை மண்புழுவுக்கு விருந்து. நெகிழித் தாளும் களையை அடக்கும், ஈரம் காக்கும். ஆனால் அதைத் தின்ன மண்ணில் ஆளில்லை.

காய்ந்த சோகையில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ நூறு பங்கு கரிமம். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், பயிர் வெளிறும் என்று மறுப்பார்கள். நியாயமான மறுப்பு. ஆனால் சோகையை உழுது புதைத்தால்தான் இது கடுமை. மேலே கிடக்கும் சோகையில் அடிப்பக்கம் மட்டுமே மண்ணைத் தொடுகிறது. கொழுஞ்சி, கிளைரிசிடியாத் தழையைக் கலந்தால் பற்றாக்குறை இன்னும் தணியும். நுண்ணுயிர்கள் மடியும்போது வாங்கிய கடன் பயிருக்கே திரும்பும். சோகை கரையானை இழுக்கும் என்ற பயமும் பாதி சரி: வறண்ட நிலத்தில் அது கரணையையும் தாக்கக்கூடும், ஈரம் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுபுறம், நட்ட மூன்றாம் நாள் சோகை பரப்பினால் இளங்குருத்துப்புழு குறையும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது.

கல்வராயன் மலைச்சரிவில் சிக்கல் வேறு. மரவள்ளி நட்ட முதல் சில மாதங்கள் இலை மூடாமல் நிலம் திறந்து கிடக்கும். பிடுங்கும்போது கிழங்கோடு மண்ணும் கிளறப்படும். மழைத்துளி அடித்துப் பெயர்த்த மண் ஓடைவழியே அணைக்குப் போய்ச் சேரும். மூடாக்கு மிகவும் தேவைப்படுவது இங்கேதான், கிடைப்பது அரிதும் இங்கேதான். சாமைத்தாளும் சோளத்தட்டையும் மாட்டுக்கு வேண்டும். அவற்றைப் பிடுங்கி மண்ணில் போடச் சொல்ல எனக்கு மனமில்லை. காட்டுச் சருகை அள்ளிவரவும் சொல்லமாட்டேன், அது காட்டு மண்ணின் சோறு. மிஞ்சுவது வரப்புத் தழையும், விதை பிடிக்குமுன் பிடுங்கிய களையும், மரவள்ளி இலையும். முழு நிலத்துக்கும் அது காணாது. சரிவுக்குக் குறுக்கே, தண்ணீர் வேகமெடுக்கும் இடங்களில் பட்டையாகப் போடலாம். மறு ஆண்டு அதே இடத்தில் போட்டது முன்னைவிடச் சீக்கிரம் கரைகிறதா என்று பாருங்கள்.