செல்போனில் கடை திறப்பவர்களுக்கு

(சிறுதொழில் தொடங்கியோருக்கான கூட்டத்தில், கந்தர்வக்கோட்டையில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

இங்கே இருப்பவர்களில் பலர் நம் அறக்கட்டளையில் வட்டியில்லாக் கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர்கள். அபாயா தைக்கிறீர்கள், ஊறுகாய் போடுகிறீர்கள், முந்திரி வாங்கி விற்கிறீர்கள். நீங்கள் திருப்பிக் கட்டும் பணம்தான் வரிசையில் நிற்கும் அடுத்தவருக்குப் போகிறது. அதனால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடன் தொகை கைக்கு வந்ததும் அதில் ஒரு பங்கு, 'ஆன்லைன் மார்க்கெட்டிங் செய்து தருகிறோம்' என்று வருகிறவர்களிடம் போய்விடுகிறது. ஒரு சகோதரி 20,000 ரூபாய் கடனில் 8,000 ரூபாயை அப்படிக் கொடுத்துவிட்டார். அவர் பெயரில் ஒரு பக்கம் தொடங்கினார்கள், ஆயிரக்கணக்கில் லைக் வந்தது. லைக் போட்டவர் யார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. அதன் வழியாக ஒரு பாட்டில் ஊறுகாய்கூட விற்கவில்லை. தவணைத் தேதி மட்டும் தவறாமல் வந்தது.

விளம்பரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எது முதலில் என்பதுதான் கேள்வி.

நமக்குப் பக்கத்தில் ஆதனக்கோட்டை இருக்கிறது. தஞ்சாவூர் - புதுக்கோட்டை சாலையில் போகிறவர்கள் அங்கே காரை நிறுத்தி முந்திரிப்பருப்பு வாங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாலையோரத்திலேயே பெண்கள் கொட்டையை வறுக்கிறார்கள், கையால் உடைக்கிறார்கள். அந்தப் புகை வாசம்தான் வண்டியை நிறுத்துகிறது. இறங்கியவர் ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுகிறார். போர்டும் நோட்டீசும் இல்லாமல் அந்த ஊர் பெயர் வாங்கியது இப்படித்தான்.

அதே பருப்பைச் சென்னையில் இருப்பவருக்குச் செல்போனில் விற்க வேண்டுமானால் வாசம் போகாது, வாயில் போட்டுப் பார்க்கவும் முடியாது. அவருடைய கையும் கண்ணும் நாக்கும் செய்கிற வேலையை உங்கள் எழுத்தும் படமும் செய்ய வேண்டும். ஆன்லைன் வியாபாரத்தின் சிரமம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. நெருப்பில் வறுத்து உடைத்த பருப்பில் அங்கங்கே கருகல் இருக்கும். ஆலைப் பருப்பு வெள்ளையாக இருக்கும். கடைப் பருப்பின் படத்தை எங்கிருந்தோ எடுத்துப் போட்டு நம் பருப்பை அனுப்பினால், வாங்கியவர் ஏமாந்துவிட்டதாக நினைப்பார். அந்தக் கருகலைப் படத்தில் காட்டி, இது கையால் உடைத்தது, இப்படித்தான் இருக்கும் என்று நீங்களே எழுதிவிட்டால் அதுவே உங்கள் சரக்கின் அடையாளம் ஆகிவிடும்.

முன்பணம் வாங்கிச் சரக்கைப் பிறகு கொடுப்பது நம் மார்க்கத்துக்குப் புதிதல்ல. மதீனாவில் பேரீச்சம்பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே பணம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அளவு, எடை, தவணை மூன்றையும் தெளிவாகப் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். ஸலம் என்று மதரஸாவில் இதற்கென்று தனிப்பாடமே ஓதுகிறோம். ஜிபேயில் பணம் வாங்கிக்கொண்டு கூரியரில் அனுப்பும் வியாபாரம் ஏறக்குறைய இதுதான். எத்தனை கிராம், முழுப்பருப்பா உடைந்ததா, என்றைக்கு அனுப்புவீர்கள், கூரியர் செலவு யாருடையது: இந்த நான்கையும் பணம் வாங்குவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். பிறகு வருகிற சண்டையில் முக்கால்வாசி குறைந்துவிடும்.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டபோது விரலில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கேட்டதும் நாம் அறிந்த செய்தி. போனில் வாங்குகிறவரால் குவியலுக்குள் கைவிட முடியாது. ஈரத்தை மேலே வைக்க வேண்டியது நீங்கள்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நம் பகுதியில் எத்தனை முந்திரி மரங்கள் சாய்ந்தன என்று உங்களுக்குத் தெரியும். உள்ளூர்ச் சரக்கு போதாமல் பண்ருட்டியிலிருந்து வாங்கி விற்பதில் தவறில்லை. அதன் மேல் 'ஆதனக்கோட்டை' என்று ஸ்டிக்கர் ஒட்டுவது தவறு.

இனி, காசில்லாமல் செய்யக்கூடிய இரண்டு காரியங்கள். கூகுள் மேப்பில் உங்கள் கடையைப் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடினால் கிடைக்கும்படி பாருங்கள். திறக்கும் நேரத்தைச் சரியாகப் போடுங்கள். ஜும்ஆ நேரத்தில் கடை மூடியிருக்கும் என்றால் அதையும் போட வேண்டும். மேப்பை நம்பி வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி வர மாட்டார். அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். அதில் கேட்டலாக் என்று ஒரு வசதி இருக்கிறது. படம், விலை, எடையைச் சேர்த்து வைத்துவிட்டால் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டியதில்லை. ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட், உங்கள் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஆகவே சரக்கு வாங்கியவரிடம், எண்ணைப் பெயர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மஹல்லா குரூப்பில் காலை, மதியம், இரவு என்று விளம்பரம் போடுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். ஜனாஸா அறிவிப்பு வரும் குரூப் அது.

காசு கொடுத்து விளம்பரம் போடும் நாள் வந்தால், முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போடுங்கள். 500 ரூபாய்க்கு விளம்பரம் போடுகிறீர்கள், 40 பேர் விசாரிக்கிறார்கள், 4 பேர் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். ஒரு வாடிக்கையாளருக்கு 125 ரூபாய் செலவு. உங்களுக்கு ஒரு பொட்டலத்தில் நிற்பது 80 ரூபாய் என்றால், அவர் இரண்டாம் முறை வாங்கினால்தான் லாபம். அந்த இரண்டாம் முறையை விளம்பரம் கொண்டு வராது. முதல் பொட்டலம்தான் கொண்டு வர வேண்டும். அதனால் தெரிந்தவர்களில் ஐம்பது பேர் வாங்கி, அதில் பாதிப் பேராவது திரும்பி வரும் வரை விளம்பரத்துக்கு ஒரு ரூபாயும் செலவு செய்யாதீர்கள் என்பது என் கருத்து. மறுக்கிறவர்கள் இருக்கலாம். கடன் வாங்கிய பணத்தில் தொழில் செய்பவருக்கு இதுதான் பாதுகாப்பு.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'நான் ராணுவ அதிகாரி, மொத்தமாக 30 கிலோ வேண்டும், பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்' என்று போன் வரும். பணம் வாங்குவதற்கு நாம் ஸ்கேன் செய்ய வேண்டியதே இல்லை. ரகசிய எண் போடுவது பணம் நம்மிடமிருந்து போவதற்கு மட்டும்தான். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள், உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.

உணவுப் பொருள் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். வீட்டு அடுப்படியில் செய்தாலும் இது பொருந்தும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை பொதுவாக ஜி.எஸ்.டி பதிவு தேவைப்படாது. வரி உள்ள சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்றால் முதல் பொட்டலத்திலிருந்தே வேண்டும். காரைக்காலில் உங்கள் சம்பந்தி வீடு இருக்கலாம், சட்டத்தின் கணக்கில் அது புதுச்சேரி. உத்யம் பதிவுக்கு அரசு தளத்தில் கட்டணமே கிடையாது. அதற்குப் பணம் கேட்பவர் அரசாங்கம் அல்ல.

இந்தப் பதிவுகளை நம் அலுவலகத்திலேயே செய்து தருகிறோம். ஆதார் அட்டை, ஒரு புகைப்படம், ஆதாருடன் இணைத்த செல்போன் மூன்றையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வாருங்கள். விற்கிற சரக்கில் ஒரு பொட்டலமும் கொண்டு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் அங்கேயே வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துவிடலாம்.