வெள்ளமும் ஸ்தல ஸ்தாபனங்களும்



வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நாம், வாழும் ஊரின் அங்காடியையும் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் விரைவில் அறிந்துகொள்கிறோம். அவ்வூரின் மழைநீர் எவ்வழியே வந்து எவ்வழியே வெளியேறுகிறது என்பதை அறிந்தவர் நம்முள் மிகச் சிலரே. வெள்ளம் வரும் நாளில் இந்த அறிவுதான் உயிருக்குத் துணை நிற்கும். திருப்பதி, சித்தூர் ஆகிய இரு நகரங்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

திருப்பதி மலையடிவாரத்து நகரம். சேஷாசல மலையில் பெய்யும் மழை கபில தீர்த்தத்தின் வழியாகவும் பல ஓடைகளின் வழியாகவும் விரைந்து கீழே இறங்குகிறது. அந்நீர் ஏரியில் தங்கும். மிகுதியானது கலிங்கின் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். முடிவில் சுவர்ணமுகி ஆற்றை அடையும். இது முன்னோர் வகுத்த ஏற்பாடு. சித்தூரிலோ நீவா நதி பாய்கிறது. தமிழ்நாட்டில் பொன்னையாறு என்னும் பெயருடன் ஓடி அது பாலாற்றில் கலக்கிறது. ஆகவே சித்தூரில் பெய்த மழை வேலூர்ப் பக்கத்து ஊர்களின் கவலையும் ஆகிறது. நீருக்கு நகராட்சி எல்லையும் இல்லை. மாநில எல்லையும் இல்லை.

2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இவ்வுண்மை கடுமையாக விளங்கிற்று. வங்கக் கடலில் எழுந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 19-ஆம் தேதி அதிகாலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்கு முன்னரே திருப்பதித் தெருக்கள் ஆறுகளாயின. திருமலைக்குச் செல்லும் பாதைகள் மூடப்பட்டன. அதே 19-ஆம் தேதி கடப்பை ஜில்லாவில் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை உடைந்து பல உயிர்களைக் கொண்டுபோயிற்று.

அடுத்த சில நாட்களில் திருப்பதியை அடுத்த இராயலசெருவு ஏரியின் கரையில் கசிவு காணப்பட்டது. விஜயநகர வேந்தர் காலத்தது என்று சொல்லப்படும் பேரேரி அது. அதிகாரிகள் கீழ்ப்புற கிராமங்களின் மக்களை மேட்டுநிலங்களுக்கும் முகாம்களுக்கும் அனுப்பினர். மணல்மூட்டைகளை அடுக்கிக் கரையைப் பலப்படுத்தினர். ஏரி உடையவில்லை. கசிவை உரிய காலத்தில் கண்டதும், மக்கள் சொற்கேட்டு வெளியேறியதும் பெருந்துணையாயின.

இதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபரில், அதே திருப்பதி நகரில் வேறு வகையான துயரம் நேர்ந்தது. கர்நாடகத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் வாகனம் ரயில் பாதைக்குக் கீழுள்ள சுரங்கச் சாலையில் தேங்கிய நீரில் சிக்கி, இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். தேங்கிய நீரின் ஆழம் புதிதாக வந்தவருக்கு எங்ஙனம் தெரியும்? இடமறியாதவர்க்கு வெள்ளம் இருமடங்கு பகையாகிறது.

இனி, ஸ்தல ஸ்தாபனங்களின் கடமை யாது? 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஜில்லாதோறும் ஓர் ஆணையம் உண்டு. அதற்குக் கலெக்டர் தலைவர். ஸ்தல ஸ்தாபனத்தின் மக்கள் பிரதிநிதி இணைத்தலைவர். ஊழியருக்குப் பயிற்சி அளிப்பதும், கருவிகளைப் பழுதின்றி வைப்பதும், கட்டடங்கள் விதிக்கு உட்பட்டு எழுகின்றனவா என்று பார்ப்பதும் ஸ்தல ஸ்தாபனத்தின் பொறுப்பு. மாநகராட்சி உள்ள நகரங்களுக்கென்று தனி ஆணையம் அமைக்க 2025-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மாநில அரசுகளுக்கு இடமளித்துள்ளது.

இப்பணிகளுட் பெரும்பாலானவை வெயிற்காலத்துப் பணிகள். பெரிய மழைநீர்க் கால்வாய்களை ஆண்டுதோறும் மார்ச்சு 31-ஆம் தேதிக்குள் தூர்வார வேண்டும் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வகுத்த நெறிமுறை கூறுகிறது. ஓடையை அடைத்து மனைபிரிக்க அனுமதி மறுப்பதும், தாழ்ந்த வார்டுகளைக் குறித்து வைப்பதும், முகாமாகும் பள்ளிக்கூடத்தை முன்கூட்டியே தேர்வதும் மழைக்கு முன்பே முடிய வேண்டியவை. மழை தொடங்கிய பின் கையில் எஞ்சுவன மணல்மூட்டையும் படகுமே.

ஆனால், ஏட்டில் எழுதிய திட்டம் குடிமக்களின் செவியை எட்டாவிடில் பயனில்லை. இங்கே மொழி குறுக்கிடுகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இதனை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ‘வரத’ என்ற சொல் தமிழ்ச் செவிக்கு இறைவன் திருநாமமாகப் படும். தெலுங்கிலோ அது வெள்ளம். ஒலிபெருக்கியில் ‘லோதட்டு பிராந்தாலு’ என்றால் தாழ்வான பகுதிகள். ‘புனராவாச கேந்திரம்’ என்றால் நிவாரண முகாம். இம்மூன்று சொற்களை அறியாதவர் வாசலில் எச்சரிக்கை வண்டி வந்து சென்றாலும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடக்கூடும்.

ஊர்ப்பெயர்களும் எச்சரிக்கை செய்கின்றன. ‘குண்ட’ என்பது குட்டை. ‘செருவு’ என்பது ஏரி. ‘வாகு’, ‘வங்க’ என்பன ஓடைகள். திருப்பதியில் கொர்லகுண்ட, கொல்லவானிகுண்ட என்னும் குடியிருப்புகள் உள்ளன. இத்தகைய பெயருள்ள இடத்தில் வீடு பார்ப்பவர், முன்பு இங்கே நீர் நின்றதா என்று அக்கம்பக்கத்து முதியவரை விசாரிப்பது நன்று. பெங்களூரில் ‘கெரெ’ என்பதற்கும் ஏரி என்றே பொருள்.

வெள்ளம் ஆந்திரத்துக்கு மட்டும் உரியதன்று. 2005 ஜூலை 26-இல் பம்பாயின் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு பெருகியது. 2022 செப்டம்பரில் பெங்களூரின் புதிய குடியிருப்புகளை நீர் சூழ்ந்தது. இரண்டு நகரங்களிலும் தமிழர் திரளாக வாழ்கின்றனர்.

ஆகவே நேயர்கள் நான்கு கேள்விகளை வார்டு அலுவலகத்தில் கேட்டு அறிந்துகொள்ள வேண்டுகிறோம். நம் தெரு தாழ்வான பகுதிப் பட்டியலில் உள்ளதா? அருகிலுள்ள முகாம் எது? தெருவின் கால்வாய் எப்போது தூர்வாரப்பட்டது? எச்சரிக்கை எம்மொழிகளில் வரும்? ஜில்லாக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற தொலைபேசி எண்ணையும் குறித்து வைப்போம்.

வந்தேறிகள்தாமே, நமக்கு ஏன் இந்த விசாரம் என்று எவரும் ஒதுங்க வேண்டியதில்லை. வீட்டு வரியோ வாடகையோ செலுத்தி ஓர் ஊரில் வாழ்பவர் அவ்வூரின் குடிமக்களே. உள்ளூர் மொழி அறிந்த தமிழர், அறியாத அண்டைவீட்டாருக்கு எச்சரிக்கையை எடுத்துச் சொல்வதும் நகராட்சியின் பணியில் பங்கேற்பதே ஆகும்.