மூத்த வேட்டுவனும் அவன் வில்லும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கக் கொடியில் வில்லும் அம்பும் பொறிக்கப்பட்டுள்ளன. நாம் கண்ணப்பர் வழிவந்தோர் என்று ஆண்டுதோறும் இம்மேடையில் பெருமையுடன் பேசி வருகின்றோம். ஆயினும், வில்லை வளைத்து நாணேற்றியவர் இவ்வவையில் ஒருவரேனும் உளரோ என்பது ஐயமே. 1972-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டில் மான் வேட்டை குற்றமாகும். அது குற்றமாக இருத்தலே தக்கது. ஆதலின், வேட்டையாடுமின் என்று கூறுதற்கு யான் எழுந்தேனல்லேன். வில்லானது தன்னைப் பிடித்தவனுக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. இளமையில் அப்பாடம் அவன் செவியில் ஏறுவதில்லை, முதுமையிலேயே ஏறுகின்றது. அதனைப் பற்றிச் சிறிது கூற விரும்புகின்றேன்.

இன்றும் சட்டத்திற்கு அடங்கி, குறித்த பருவத்தில், உரிமச் சீட்டுப் பெற்று, வில்லால் மான் வேட்டையாடுவோர் அமெரிக்க நாட்டில் பல்லாயிரவர் உளர். அவருள் நரைத்த தலையினரும் பலர். அவர் தேடும் விலங்கு வெண்வால் மான். அது அஞ்சி ஓடுங்கால் வாலை நிமிர்த்தும். அவ்வாலின் கீழ்ப்புறம் வெள்ளையாய்த் தோன்றுதலின் அப்பெயர் பெற்றது. அதன் மோப்பமும் செவியும் மிகக் கூரியவை. காற்று ஒருமுறை திசை மாறினாற் போதும். வேட்டுவன் காலை முதல் காத்திருந்த காத்திருப்பெல்லாம் வீணாகும்.

துப்பாக்கிக்கும் வில்லுக்கும் உள்ள வேற்றுமையை முதற்கண் அறிதல் வேண்டும். துப்பாக்கியின் விசையை இருபது வயதினனும் அழுத்தலாம். எழுபது வயதினனும் அழுத்தலாம். அது இருவரையும் ஒன்றாகவே கருதும். வில்லோ அத்தன்மைத்தன்று. எய்யுந்தோறும் அது தோளை நோக்கி, ‘உன் வலி இன்று எவ்வளவு?’ என்று வினவுகின்றது. அவ்வினாவிற்குப் பொய் விடை கூற இயலாது.

இன்னும் ஒன்று. துப்பாக்கிக் குண்டு தன் தாக்குதலின் வன்மையாற் கொல்லும். அம்பு அவ்வாறு கொல்லுவதன்று. நுரையீரலையும் நெஞ்சையும் அறுத்துக் குருதியைப் போக்கிக் கொல்வது. உரிய இடத்திற் பட்டால் மான் பெரும்பாலும் ஏறக்குறைய நூறு கஜத்திற்குள் வீழும். ஒரு சாண் பின்னே தப்பி வயிற்றிற் பட்டாலோ, அது பல நாழிகை நடந்து, ஒருவரும் காணாப் புதரிற் கிடந்து துன்புற்று மாளும். அவ்வூனும் யாருக்கும் பயன்படாது.

தூரத்தின் கணக்கையும் பாருங்கள். மான் 20 கஜத்தில், அஃதாவது 60 அடியில், நிற்கின்றது எனக் கொள்வோம். பழைய முறையில் அமைந்த வில்லினின்று புறப்படும் அம்பு விநாடிக்கு ஏறக்குறைய 180 அடி செல்லும். அது மானை அடைய ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். நாணின் ஒலியோ விநாடிக்கு 1,100 அடிக்கு மேல் விரையும். எனவே அம்பு வருமுன் ஒலி சென்று மானை எழுப்பிவிடுகின்றது. பாய்தற்பொருட்டு மான் உடலைத் தாழ்த்தும் அவ்விமைப்பொழுதில், நெஞ்சை நோக்கிய அம்பு முதுகின்மேற் பட்டுவிடும். இளைஞன் வலிய வில்லை வளைத்து இக்குறையை ஓரளவு தீர்க்கின்றான். முதியவன் யாது செய்வான்? அவன் தூரத்தைக் குறைத்தல் வேண்டும். முப்பது கஜத்தில் எய்தவன் இருபதில் எய்தல் வேண்டும், பின்னர்ப் பதினைந்தில். அதற்கு மேற்பட்ட தூரத்தில் எத்துணை அழகிய கொம்புடைய கலைமான் வந்து நிற்பினும் நாணை மெல்லத் தளர்த்தி, அதனைப் போகவிடுதல் வேண்டும். எய்தலினும் எய்யாமை அரிது என்பதை அப்பொழுது அவன் உணர்கின்றான்.

முதுமை ஒருங்கே வருவதன்று. உறுப்பு உறுப்பாக வருவது. தோள்மூட்டைச் சூழ்ந்த தசைநார்கள் ஆண்டு செல்லச் செல்லத் தேய்ந்து கிழிகின்றன. நாணை இழுப்பதற்கு அவையே இன்றியமையாதவை. நாற்பது வயதிற்குப்பின் அண்மையிலுள்ள பொருள் கண்ணுக்கு மங்குகின்றது. யானும் மூக்குக்கண்ணாடியின்றி ஏடு படிக்க இயலாதவனே. வேட்டுவனுக்கோ வில்லிற் பொருத்திய குறிமுள் மங்குகின்றது. பனிக்காலக் காலையில் விரல் மரத்துப்போகின்றது. மரத்தில் 15 அல்லது 20 அடி உயரத்தே கட்டிய பரணில் ஏறியிருந்து வேட்டையாடுவது அந்நாட்டு வழக்கம். அப்பரணினின்று வீழ்ந்து முதுகெலும்பு முறிந்தோரும் உயிர் துறந்தோரும் உளர். ஆதலால் உடலைச் சூழ்ந்த வார்க்கச்சையால் தம்மை மரத்தோடு பிணைத்துக் கொள்ளுமாறு அறிவுடையோர் அறிவுறுத்துகின்றனர். முன்னெல்லாம் வெறுங்கையால் ஏறியவன், இன்று கச்சை கட்ட நாணினால், அந்நாணம் அவனுக்கே பகையாகும்.

முதியோர்க்கு உதவும் கருவிகளும் தோன்றியுள்ளன. மிசௌரி மாநிலத்தவராகிய ஹாலஸ் வில்பர் ஆலன் என்பார், வில்லின் இரு முனைகளிலும் உருளைகளைப் பூட்டி அமைத்த காம்பவுண்டு வில்லுக்கு 1969-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இத்தகைய வில் இழுக்குங்கால் கடினமாயிருந்து, முழுதும் இழுத்தபின் எளிதாகின்றது. 60 ராத்தல் விசையுள்ள வில்லில் நூற்றுக்கு 80 பங்கு தளர்ந்தால், நாணைப் பிடித்து நிற்பவன் தாங்குவது 12 ராத்தலே. அதற்கும் தோள் இடங்கொடாதவர்க்குக் குறுக்குவில் உண்டு. அதனைத் துப்பாக்கிபோல் தோளில் அணைத்து விசையை அழுத்துதல் போதும். 1934-ஆம் ஆண்டிலேயே வில்வேட்டைக்கெனத் தனிப்பருவம் வகுத்த விஸ்கான்சின் மாநிலத்தில், நெடுங்காலம் குறுக்குவில் உடற்குறையுடையோர்க்கும் 65 வயது நிரம்பியோர்க்குமே அனுமதிக்கப்பட்டிருந்தது. 2014 முதல் அது யாவர்க்கும் பொதுவாயிற்று. அதனைக் கையிலெடுத்தல் இழுக்கென்று கருதும் முதியோரும் உளர். தாங்கமாட்டாத வில்லை நடுங்கும் கையால் வளைத்து மானைப் புண்படுத்தி விடுதலன்றோ இழுக்கு?

இனி, மூத்த வேட்டுவன் ஒருவனுடைய வரலாற்றைக் கேளுங்கள். கலிபோர்னியாவின் வடபகுதி மலைகளில் யாஹி என்னும் சிறு குடியினர் வில்லால் மானும் முயலும் வேட்டையாடி வாழ்ந்தனர். பொன் தேடி வந்து குடியேறிய வெள்ளையர் அவர்களைக் கொன்று குவித்தனர். எஞ்சிய சிலர் பல ஆண்டுகள் மலைகளில் ஒளிந்து வாழ்ந்தனர். அவரும் ஒவ்வொருவராக மாண்டபின், தனியொருவன் 1911-ஆம் ஆண்டு ஓரோவில் என்னும் ஊரின் அருகே பசியால் மெலிந்து வெளிப்பட்டான். அப்பொழுது அவனுக்கு வயது ஏறக்குறைய ஐம்பது. தன் பெயரைத் தானே கூறுதல் அவன் குலத்து மரபன்று. ஆதலின், மனிதன் எனப் பொருள்படும் ‘இஷி’ என்னும் அவர் மொழிச் சொல்லையே அறிஞர்கள் அவனுக்குப் பெயராக இட்டனர். சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் பல்கலைக்கழகப் பொருட்காட்சிச் சாலையில் அவன் தங்கினான்.

அங்கே சாக்ஸ்டன் போப் என்னும் அறுவை மருத்துவர் அவனுக்கு மருத்துவராகவும், பின்னர் மாணாக்கராகவும் ஆயினார். இஷியின் வில் ஏறக்குறைய 45 ராத்தல் விசையே உடையது. நெடுந்தூரத்து இலக்கை எய்வதில் மாணாக்கரே ஆசிரியனை வென்றனர். ஆனால் காட்டில் இஷிக்கு நிகர் எவருமிலர். தூரத்திலிருந்து எய்யாமல் அணுகிச் சென்று எய்தலே அவன் கலை. வேட்டைக்கு முன்னாள் அவன் மீன் உண்ணான், புகை குடியான், விடியலில் எழுந்து ஓடையில் நீராடி, மணமுள்ள தழையை உடலிற் தேய்த்துக் கொள்வான். மனித வாடை மானுக்கு எட்டாதிருத்தற்பொருட்டு இத்துணை ஒழுக்கம்! மெல்லிய வில்லையுடையவன் இவ்வளவு பணிதல் வேண்டும் என்பதை அவன் அறிந்திருந்தான்.

1916-ஆம் ஆண்டில் காசநோயால் இஷி இறந்தான். அவனுக்கு மகன் இல்லை, மருகன் இல்லை, அவன் மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் உலகில் ஒருவருமில்லை. ஆயினும் அவன் தான் அறிந்த வில் வினையைத் தன் குலத்தை அழித்த இனத்தைச் சேர்ந்த ஒருவருக்கு ஒளியாது கற்பித்தான். அவர் 1923-இல் வில்வேட்டை பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அதனைக் கற்றோரே அந்நாட்டில் வில்வேட்டை மீண்டும் தழைப்பதற்குக் காரணராயினர். கொடுப்பதற்கு உறவினர் இல்லாதவனும் கொடுத்துச் சென்றான் என்பதை நினைமின்.

நிற்க. இத்தகைய முதியவன் ஒருவன் நம் இலக்கியத்திலும் உளன். பெரியபுராணத்திலே திண்ணனாரை அனைவரும் அறிவர். அவர் தந்தையாகிய நாகனை நினைப்பார் சிலரே. நாகன் பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேட்டுவர் தலைவன். அவன் மூப்படைந்தமையால் முன்போல் வேட்டைக்குச் செல்லவில்லை. அதனால் காட்டு விலங்குகள் பெருகிப் புனங்களை அழித்தன. வேட்டுவர் திரண்டு வந்து அதனை உணர்த்தினர். நாகன் வெகுண்டானல்லன், தன் பழைய வேட்டைகளை எடுத்துரைத்துப் பெருமை பேசினானுமல்லன். ‘மூப்பினால் என்னால் முன்போல் இயலவில்லை, என் மகனைத் தலைவனாகக் கொள்ளுங்கள்’ என்றான். உடனே மகனை அழைத்துத் தலைமையை ஒப்புவித்தான். அம்மகன் முதல் வேட்டைக்குச் சென்றபோது உடன் சென்ற வேட்டுவர் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை; சிறு குட்டிகளைக் கொல்லவில்லை; கருவுற்ற பிணைகளை வருத்தவில்லை என்று சேக்கிழார் கூறுகின்றார். எய்யாமையும் வேட்டுவர் மரபே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். நாகனுடைய தளர்ச்சியால் நாகனுக்கு ஊறு நேரவில்லை, புனங்களே அழிந்தன. அமெரிக்க முதியவனுடைய தோள் தளர்ந்தால் அவனுக்குத் துன்பமில்லை. மானே புண்பட்டு ஓடுகின்றது. மூத்தோர் தம் தளர்ச்சியை ஒப்புக்கொள்ளாதபோது அதன் கேட்டைச் சுமப்பவர் பிறரே. வில் கற்பிக்கும் பாடம் இதுவே.

பெரியோர்களே! நான் உங்களில் இளையவன். எனினும் இன்னும் சில ஆண்டுகளில் நானும் உங்கள் வரிசையில் அமர்வேன். ஆதலின் எனக்கும் சேர்த்தே கூறுகின்றேன். நம் சங்கத்திலும் மாணவர் விடுதியிலும் பொறுப்புக்கள் பல ஆண்டுகளாக ஒரே கைகளில் உள்ளன. அக்கைகள் உழைத்த கைகள், அவற்றை வணங்குகின்றேன். ஆனால் கணக்கு எழுதவும், பிள்ளைகட்கு வேண்டிய உதவித்தொகைக்கு உரிய காலத்தில் விண்ணப்பம் அனுப்பவும் இயலாமற்போயின், கெடுவது நம் புகழன்று, அப்பிள்ளைகளின் படிப்பு. அதுவே நம் புனம். விண்ணப்பக் காலம் கடந்தமையால் கல்லூரியிற் சேராது நின்ற மாணவனைப் பள்ளியில் யான் கண்டுள்ளேன். அவன் முகத்தை இன்னும் மறந்தேனல்லேன்.

முதியோர் வில்லைக் கீழே எறிந்துவிட்டுப் போகல் வேண்டுமென்று யான் கூறவில்லை. வலி குறைந்தவன் மெல்லிய வில்லை ஏந்தலாம். தூரத்தைக் குறைத்துக் கொள்ளலாம். இளையவன் அருகிலிருந்து காற்றின் திசையைச் சொல்லிக் கொடுக்கலாம். மான் இப்பொழுது வரும், இப்பொழுது வாராது என்று அறிந்து சொல்லுதற்கு அவனிலும் வல்லார் யாவர்? இளைஞர்களும் ஒன்றை நினைத்தல் வேண்டும். வில் கைக்கு வந்தவுடன் எய்துவிடுதல் ஆண்மையன்று. கொடுத்தவன் எத்தனை முறை எய்யாது நின்றான் என்பதைக் கேட்டறிந்த பின்னரே நாணைத் தொடுதல் வேண்டும்.

நம் கொடியிலுள்ள வில் வெறும் சித்திரமாய் நின்றுவிடாதிருக்க, நாகன் செய்ததை நாமும் உரிய காலத்தில், மனமுவந்து செய்வோமாக.