மேசைக்கு அந்தப் பக்கம்

நான் பேங்க்ல மேசைக்குப் பின்னால் உட்காருகிறவன். ஒரு படிவம் யாரைத் திருப்பி அனுப்பும் என்பது எனக்குத் தெரியும். அமெரிக்காவில் துப்பாக்கி விற்கிற மேசையைப் பற்றிப் பேசுகிறேன்.

1963இல் கென்னடியைச் சுட்ட துப்பாக்கி, பொய்ப் பெயரில் தபாலில் வரவழைக்கப்பட்டது. 1968 சட்டம் அந்த வழியை அடைத்தது. இன்று இணையத்தில் காசு கட்டலாம். துப்பாக்கி வீட்டுக்கு வராது. உரிமம் பெற்ற உள்ளூர்க் கடைக்குத்தான் வரும். நேரில் போய்ப் படிவம் நிரப்பணும். குற்றப் பின்னணி பார்ப்பார்கள். ஒரே மாநிலத்தில் தனியாள் தனியாளுக்கு விற்றால் மத்தியச் சட்டம் அதையும் கேட்பதில்லை.

கடையிலும் ஓர் ஓட்டை இருக்கு. மூன்று வேலைநாளில் பதில் வரலேன்னா பொதுவாகக் கடைக்காரர் கொடுத்துவிடலாம். 2015இல் ஒரு வெள்ளை இனவெறியன் கைக்கு அப்படித்தான் துப்பாக்கி வந்தது. சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பின மக்களைக் கொன்றான். பதில் வராததே அவனுக்குச் சம்மதமாச்சு.

1956இல் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி எடுத்துச்செல்ல மான்ட்கோமரியில் அனுமதி கேட்டார். அவருக்குப் பதில் வந்தது: கிடையாது.

சட்டத்தைப் படிங்க. மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கான்னும் பாருங்க.