மருந்தைவிட 30 மடங்கு

செங்காங் வீவக வீட்டுச் சமையலறையில் இருந்து இதைக் கேட்பவர்கள், ஒரு குவளைத் தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள்தூளைக் கலக்கிப் பாருங்கள். சற்று நேரத்தில் தூள் அடியில் தங்கிவிடும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை. பாலில் கதை வேறு. பாலின் கொழுப்பும் கேசீன் புரதமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மஞ்சளைப் பாலில் கலந்து கொடுத்த பாட்டிமாருக்கு வேதியியல் தெரியாது என்று யார் சொன்னது?

மருந்து ஆலைகளுக்கும் இதே தலைவலிதான். ரெம்டெசிவிர், 2020 ஜூனில் கொவிட்-19க்காக சிங்கப்பூரில் நிபந்தனையோடு அனுமதிக்கப்பட்ட மருந்து. ரத்தநாளம் வழியே ஏற்ற வேண்டும். ஆனால் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால் சைக்ளோடெக்ஸ்டிரின் வகைப் பொருள் ஒன்றைச் சேர்த்தார்கள். மாவுச்சத்திலிருந்து கிடைப்பது, 7 குளுக்கோஸ் அலகுகள் கோத்த வளையம். வெளிப்புறம் தண்ணீரோடு ஒட்டும், உட்குழி அவ்வளவாக ஒட்டாது. மருந்து அந்தக் குழிக்குள் புகுந்து, வளையத்தோடு சேர்ந்தே கரைகிறது.

100 மில்லிகிராம் மருந்துள்ள தூள் குப்பியில் இந்தத் துணைப்பொருள் 3 கிராம்! இவ்வளவையும் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அதனால் கடுமையான சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ரெம்டெசிவிரைக் கொடுக்க முதலில் தயங்கினார்கள். 2023இல்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அவர்களுக்கும் அனுமதித்தது.