படலைக்கு வந்த மேசன்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்பது முதுமொழி. 2009ஆம் ஆண்டில் போர் முடிவுற்றபின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் மீளக் குடியேறிய மக்களுக்கு அம்மொழியின் முற்பாதி பெருஞ்சோதனையாயிற்று. கூரையிழந்த சுவர்களும் சுவரிழந்த அத்திவாரங்களுமே பலருக்கு வீடென்று எஞ்சியிருந்தன.

இந்திய அரசின் வீடமைப்புத் திட்டம் 2012ஆம் ஆண்டு ஒக்டோபரில் விரிவடைந்தபோது, புது வீட்டுக்கு 550,000 ரூபாவும் திருத்த வேலைக்கு 250,000 ரூபாவும் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கிலேயே தவணை தவணையாக இடப்பட்டன. ஒரு கட்ட வேலை நிறைவேறியதைக் கண்டறிந்த பின்னரே அடுத்த தவணை வெளிவரும். வீட்டை எழுப்பும் உரிமை வீட்டுக்காரருக்கு வந்தது. மேசனைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பும் உடன் வந்தது.

எங்கும் வேலை மிகுந்திருக்கும் காலத்தில் நேர்மையான தொழிலாளரிடையே வஞ்சகரும் புகுந்துவிடுவர். அறிமுகமில்லா ஒருவன் படலையடியில் வந்து நிற்பான். “அம்மா, மாரிக்கு முன் கூரை ஏற்றித் தருகிறேன்; முற்பணம் மட்டும் தாருங்கள்” என்பான். கணவனை இழந்து, பிள்ளைகளுடன் தகரக் கொட்டிலில் வாழும் பெண்ணுக்கு அச்சொல் அமுதமாகும். பணம் கைமாறும், நாலு வரிக் கல் எழும்பும், மணல் ஏற்றப் போனவன் திரும்பான். இழப்பு அம்முற்பணத்தோடு நிற்பதன்று. வேலை முடியாமையால் அடுத்த தவணையும் வராது. நகை அடகுக்குப் போகும். கார்த்திகை மழை அரைச்சுவரில் பெய்யும்.

இதற்குக் காப்பு அத்திட்டத்தின் விதியிலேயே உள்ளது. எழுந்து நிற்கும் வேலைக்கே பணம் என்று அரசு வைத்த ஒழுங்கை வீட்டுக்காரரும் மேசனிடம் வைத்தல் வேண்டும். சீமெந்தையும் மரத்தையும் தாமே வாங்கிப் பற்றுச்சீட்டைத் தம்மிடம் வைத்திருப்பவர் பெருந்தொகை முற்பணம் கொடுக்க வேண்டியதில்லை. மேசன் முன்னர் கட்டிய வீட்டை நேரிற் சென்று பார்த்தலும், அவ்வீட்டாரை விசாரித்தலும் நன்று. வேலையின் அளவு, கூலி, முடிக்கும் நாள், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை எழுதி, இரு சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிடுவித்தல் அவசியம். கூலியில் ஒரு பகுதியை, முதல் மழை கூரையைச் சோதிக்கும்வரை நிறுத்திவைக்கவும் பேசிக்கொள்ளலாம். நேர்மையான மேசன் இவற்றுக்கு முகஞ்சுளிக்கமாட்டான். எழுத்து அவன் கூலிக்கும் காவலன்றோ?

ஏமாந்தபின் வெட்கி மௌனமாயிருத்தல் வஞ்சகனுக்கு அடுத்த படலையைத் திறந்துவிடுவதாகும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபையில் வழக்கறிஞரின்றியே முறையிடலாம். ஏமாற்றும் எண்ணத்துடனேயே பணம் பெற்றவன்மீது பொலிசில் முறைப்பாடு செய்யலாம். அங்கெல்லாம் முதலிற் கேட்கப்படுவது அவ்வெழுத்தே. முற்பணம் எண்ணுமுன் ஒரு தாளும் பேனாவும் எடுக்கும் வீட்டின் கூரை மாரிக்கு முன் ஏறும்.