முளையிலே கண்டு வளர்ப்போம்

(கிராம இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் மொழி. ஆனால் குனிந்து பார்ப்பவர்க்கே முளை தெரியும். எந்த மண்ணில் நெல் விளையும், எந்த மண்ணில் கடலை விளையும் என்பதை நம் உழவர்கள் பார்த்த மாத்திரத்திலேயே சொல்லிவிடுவார்கள். அதே கண்கொண்டு நம் பிள்ளைகளைப் பார்க்கின்றோமா? பரீட்சையில் தேறினால் கெட்டிக்காரன், தவறினால் உதவாக்கரை என்று இரண்டே கூறாகப் பிரித்துவிடுகின்றோம். இத்தீர்ப்பு எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு.

கணித மேதை இராமானுஜன் 1887-இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தையார் துணிக்கடைக் குமாஸ்தா. பள்ளியில் பரிசுகள் பெற்ற இராமானுஜன், கல்லூரியிலே கணக்கில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டார். உதவித்தொகை போயிற்று, எஃப்.ஏ. பரீட்சையிலும் தேறவில்லை. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. கணக்கு நோட்டுகளே அவருடைய சொத்து.

1910-இல், திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராயிருந்த இராமசாமி ஐயரிடம் அவர் குமாஸ்தா வேலை கேட்டுச் சென்றார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அந்த ஐயர். நோட்டுகளைக் கண்ட அவருக்கு, இத்தகைய இளைஞரைத் தாலுகா கச்சேரியில் அடைத்துவிட மனம் வரவில்லை. சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் உதவினார். 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அங்கு மேலதிகாரியான நாராயண ஐயர் அவருடைய ஆராய்ச்சிக்குத் துணை நின்றார். 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். 1918-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1920-இல், 32-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இந்த அன்பர்கள் இராமானுஜனுக்குக் கணித ஞானத்தை வழங்கவில்லை. அது அவரிடமே இருந்தது. அவர்கள் வழங்கியவை ஒரு கடிதம், மாதம் 25 ரூபாய், வேலைக்கிடையே சிறிது ஓய்வு ஆகியவையே. இவை முன்பே கிடைத்திருந்தால்? அவருடைய அகால மரணத்தைக் காட்டிலும், 18 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையே வழிகாட்டுவாரின்றிக் கழிந்த ஆண்டுகளே பெரிய சோகம் என்று ஹார்டி கருதினார். இழந்த இளமை மீளாது என்பதை நாம் மறத்தலாகாது.

திறமை ஏட்டுப் படிப்பில்தான் வெளிப்படும் என்பதில்லை. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து விபத்தில் ஒரு காலின் வலிமையை இழந்தவர். அன்னையார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தார். பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர் அவர் ஊனத்தைப் பார்க்கவில்லை, தாவும் ஆற்றலைப் பார்த்தார். உயரம் தாண்டப் பழகும்படி ஊக்கினார். 2016-இல் ரியோ பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றார் மாரியப்பன்.

நாம் செய்யவேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. பழுதான பம்பு செட்டைப் பிரித்துப் பார்க்கும் சிறுவனை அதட்டாமல், கைதேர்ந்த மெக்கானிக்கிடம் அழைத்துச் செல்லலாம். சுவரெல்லாம் படம் வரையும் சிறுமிக்குத் தாளும் வண்ணமும் வாங்கித் தரலாம். ஊராட்சி நூலகத்தை மாலையில் திறந்து வைக்கலாம். விளையாட்டுத் திடலை முட்புதரின்றிக் காக்கலாம். பெண்பிள்ளைகளுக்கும் இவ்வாய்ப்புகள் சமமாகக் கிட்டவேண்டும். நமக்குப் புரியாத திறமையைக் கண்டால், புரிந்தவரிடம் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பலாம். இராமசாமி ஐயர் செய்தது அதுதானே!

எல்லாரும் இராமானுஜன் ஆகிவிடமாட்டார்கள். ஆயினும் தமக்கு இயல்பாய் அமைந்த தொழிலில் மனமொன்றி உழைக்கும் ஒவ்வோர் இளைஞரும் ஊருக்குச் செல்வமே. இன்று வீடு திரும்பியதும், நம் பிள்ளைகள் எதைச் செய்யும்பொழுது பசியை மறக்கின்றார்கள் என்று சற்றே கவனிப்போம். அங்கேதான் முளை இருக்கின்றது.